காற்றில் புகை, மார்பில் கட்டி: எதற்குக் காத்திருக்கிறோம்?

(சின்னமனூரில் நமது அறக்கட்டளை நடத்திய பெண்கள் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத சகோதரிகள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)





போன கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. "நன்னிம்மா, எங்க வீடு மெயின் ரோட்டு ஓரம். லாரி, பஸ், வேன்னு நாள் முழுக்கப் புகை. ஜன்னல் கம்பியைத் துடைச்சா துணி கருப்பா வருது. காத்து கெட்டுப்போனா மார்பகப் புற்றுநோய் வரும், வந்தா சீக்கிரம் முத்திடும்னு படிச்சேன். நாங்க வீட்டை மாத்திடணுமா?"

நல்ல கேள்வி. அன்றைக்கு அவசரத்தில் பதில் சொல்லாமல், அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். அந்தப் பிள்ளை இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் கேள்வியையே மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். புகையால் இந்த நோய் வருமா? வந்த நோய் புகையால் முற்றுமா? நாம் என்ன செய்ய வேண்டும்?

புகையால் வருமா?

புகை என்றால் கண்ணுக்குத் தெரிகிற கரும்புகை மட்டும் என்று நினைக்காதீர்கள். அதில் கண்ணுக்கே தெரியாத தூசு இருக்கிறது. பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அதுதான். நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் அடி வரைக்கும் போகும். அதில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலந்துவிடும். டீசல் புகை, விறகுப் புகை, குப்பை எரிக்கிற புகை, பீடி சிகரெட் புகை, செங்கல் சூளைப் புகை எல்லாவற்றிலும் இது உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2013 அக்டோபரில் வெளிக்காற்று மாசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அன்றைக்கு அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தது நுரையீரல் புற்றுநோய். மார்பகப் புற்றுநோயைப் பற்றிய பெரிய ஆய்வுகள் அதற்குப் பிறகு வந்தன.

2023-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம் பெண்களை ஏறத்தாழ இருபது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் ஆய்வில் சேர்வதற்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுப் பக்கம் காற்று எப்படி இருந்தது என்றும் கணக்கெடுத்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்தூசு 10 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்த இடங்களில், மார்பகப் புற்றுநோய் 8 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே வருடம் பிரான்சு நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நோய் வந்த 2,419 பெண்களையும் வராத 2,984 பெண்களையும் ஒப்பிட்டார்கள். வீட்டுக் காற்றோடு வேலை செய்கிற இடத்துக் காற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் 28 சதவீதம் கூடுதல் என்று வந்தது.

எட்டு சதவீதம் என்றதும் நூறு பெண்களில் எட்டுப் பேருக்கு வந்துவிடும் என்று பயந்துவிடாதீர்கள். அப்படி அர்த்தமில்லை. ஒரு பெரிய ஊரில் நூறு பெண்களுக்கு இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில் காற்று அந்த அளவுக்குக் கெட்டிருந்தால் அந்த நூறு, நூற்றெட்டு ஆகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த எட்டுப் பேரும் யாருக்கோ தாய், யாருக்கோ மகள். அதனால் இதைச் சின்ன விஷயம் என்றும் தள்ள முடியாது. அந்த ஆய்வுகள் நடந்த ஊர்களின் காற்று நம் நாட்டுப் பெருநகரங்களின் காற்றைவிடச் சுத்தமானது என்பதையும் மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவு ஆண்டு சராசரியாக 5 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற அளவு 40.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் என்று பதிவேடு வைத்து வருகிறது. நம் பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையிலும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. அது கிராமங்கள் நிறைந்த மாவட்டத்தின் கணக்கு. இரண்டையும் வைத்துப் பார்த்தால், மார்பகப் புற்றுநோய் சென்னையில் கூடுதல், திண்டுக்கல் பக்கம் குறைவு.

உடனே "பார்த்தீர்களா, எல்லாம் பட்டணத்துப் புகைதான்" என்று சொல்லிவிடக் கூடாது. பட்டணத்தில் புகை மட்டுமா வேறு? தாமதமாகத் திருமணம், ஒன்றிரண்டு குழந்தை, பால் கொடுக்கும் காலம் குறைவு, உட்கார்ந்தே வேலை, உடல் எடை. இவை எல்லாமே இந்த நோயோடு தொடர்புள்ளவை. புகை அவற்றில் ஒன்று. பெண் என்பதும் வயது கூடுவதும்தான் எல்லாவற்றிலும் பெரிய காரணங்கள். அதை யாராலும் மாற்ற முடியாது.

வந்த நோய் புகையால் முற்றுமா?

அமெரிக்காவில் செவிலியர்களையே பல்லாயிரக்கணக்கில் சேர்த்து, பல பத்தாண்டுகளாக நடக்கிற ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து, காற்று மாசுக்கும் அவர்கள் பிழைத்திருந்த காலத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2019-இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தபோது தெளிவான தொடர்பு இல்லை. ஆனால் முதல் நிலையிலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில், நுண்தூசு கூடுதலான இடத்தில் வசித்தவர்கள் அந்த நோயாலேயே இறப்பது கூடுதலாக இருந்தது. ஆகவே சந்தேகப்பட இடம் இருக்கிறது. முடிந்த முடிவாகச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும். அதற்கு மேல் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சகோதரிகளே, நம் நாட்டில் இந்த நோயை முற்ற வைப்பது எது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பெரியம்மா உத்தமபாளையத்தில் இருந்தார்கள். நான் அப்போது மருத்துவமனை வார்டில் வேலை. மாதம் ஒருமுறையாவது அவர்கள் வீட்டுக்குப் போவேன். டீ போட்டுக் கொடுப்பார்கள். ஒரு ரஜப் மாதம் குளிக்கும்போது இடது பக்கத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி கையில் பட்டிருக்கிறது. வலியில்லை. ஷஅபானில் மகளுக்கு நிகாஹ். "கல்யாண வீட்டில் இதைப் போய்ச் சொல்வதா?" என்று இருந்துவிட்டார்கள். பிறகு ரமலான், நோன்பு. பிறகு பெருநாள், மாப்பிள்ளை வீட்டு விருந்து. பிறகு மகள் உண்டாகிவிட்டாள், தலைப்பிரசவம். அடுத்த ரஜப் பிறந்தபோதுதான் மகள் பார்த்துவிட்டு அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். போய்ப் பார்த்தேன். தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாக இருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. "எத்தனையோ வருஷம் விறகடுப்பில் வெந்தவள் நான், அந்தச் சூட்டுக் கட்டியா இருக்கும்னு நினைச்சேம்மா" என்றார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு மாதமும் நான் அந்த வீட்டில் டீ குடித்துவிட்டு வந்தவள். எத்தனையோ பெண்களுக்குப் பரிசோதனைக்குத் திரை இழுத்துவிட்டவள். என் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அது என் மனதை விட்டுப் போகவில்லை. நான் இந்த மேடைக்கு வருவதே அதனால்தான்.

நாட்டின் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2012 முதல் 2015 வரை பதிவான சுமார் 17 ஆயிரம் மார்பகப் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்து, 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மார்பகத்துக்குள் மட்டும் இருக்கும்போது கண்டுபிடித்தால், ஐந்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு 81 பேர் உயிரோடு இருக்கிறார்கள். அக்குள் நெறி வரை பரவிய பிறகு வந்தால் 65 பேர். ஈரல், எலும்பு, நுரையீரல் என்று தூரத்துக்குப் பரவிய பிறகு வந்தால் வெறும் 18 பேர்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தராசில் நிறுக்கக்கூடியவை அல்ல, இருந்தாலும் பாருங்கள். புகை நூறை நூற்றெட்டாக்குகிறது. தாமதம் எண்பத்தொன்றைப் பதினெட்டாக்குகிறது. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நம் நாட்டில் ஒரே வருடத்தில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது, சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்த 98 ஆயிரத்தில் எத்தனை பெரியம்மாக்கள் "பெருநாள் கழியட்டும்" என்று இருந்தவர்கள்!

அதனால் அந்தப் பிள்ளைக்கு என் பதில்: வீட்டை மாற்ற வேண்டாம்மா. வீட்டில் இருக்கிற அம்மாவையும் நன்னியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போ.

புகைக்கு நாம் செய்யக்கூடியது

அப்படியானால் புகையை விட்டுவிடலாமா? கூடாது. இருதயத்தையும் நுரையீரலையும் அது கெடுக்கிறது, பச்சைக் குழந்தையை அது பாதிக்கிறது. ரோட்டில் போகிற லாரியை நாம் நிறுத்த முடியாது. ஆனால் நம் கையில் இருக்கிற புகை நிறைய இருக்கிறது.

முதலில் அடுப்படி. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிக் கிராமங்களில் கர்ப்பிணிப் பெண்களை வைத்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. விறகிலிருந்து கேஸ் அடுப்புக்கு மாறிய பெண்கள் சுவாசித்த நுண்தூசு 24 மைக்ரோகிராம். விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்தது 70. பாருங்கள், மெயின் ரோட்டுக்கு நாம் பயப்படுகிறோம், அடுப்படியைக் கவனிப்பதில்லை. "கேஸ் தீர்ந்துவிடும், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு போதும்" என்கிறவர்கள் அந்த அடுப்பை வெளியில், காற்றோட்டத்தில் வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, குப்பை. காலையில் தெருவைக் கூட்டிப் பிளாஸ்டிக் பை, பால் கவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தீக்குச்சி. இது நம் தெருக்களில் தினமும் நடக்கிறது. சில வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்ஸின் என்ற நஞ்சு வரும். அதில் மிகக் கொடியதும் அதே முதல் பிரிவில், 1997-லேயே சேர்க்கப்பட்டது. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே தடை செய்தன. நகராட்சி வண்டி வரும்போது பிரித்துக் கொடுங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மம் என்று நபிகளார் (ஸல்) நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூச்சில் புகையை விடாமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதானே?

மூன்றாவது, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சகோதரர்களுக்கு. நீங்கள் வீட்டுக்குள் பிடிக்கிற சிகரெட், பீடியின் புகையை உங்கள் மனைவியும் மகளும் சேர்ந்துதான் பிடிக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

நான்காவது, நம் ஊர் அமைப்பு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நாம். கார்த்திகை, மார்கழி விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கும், புகை மேலே எழும்பாது. அதே மாதங்களில்தான் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் குமுளி ரோட்டில் வரிசை கட்டும். அந்த நாள்களில் நடைப்பயிற்சியை ரோட்டோரம் வைத்துக்கொள்ளாமல், வெயில் ஏறிய பிறகு வாய்க்கால் கரைப் பக்கமோ வயல் பக்கமோ போங்கள். நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உடல் உழைப்பு இந்த நோயைக் குறைக்கும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்டது.

கட்டிக்கு நாம் செய்ய வேண்டியது

மாதம் ஒருமுறை உங்கள் மார்பகத்தை நீங்களே கவனியுங்கள். மாதவிலக்கு உள்ளவர்கள் அது முடிந்த சில நாளில், நின்றவர்கள் பிறை பார்க்கிற நாள் என்று ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். கட்டி, தடிப்பு, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் இரத்தமோ நீரோ கசிவது, அக்குளில் நெறி, ஆறாத புண். இதில் எது இருந்தாலும் அதே வாரம் காட்டுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் அதன் சூழ்ச்சி.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். கையால் தொட்டுப் பார்ப்பதில் என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இதைச் சோதித்தது. பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்தார்கள். நோய் முன்கூட்டியே தெரியவந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

பெண் மருத்துவரோ பெண் செவிலியரோதான் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். யாரும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். நோய்க்கு மருந்து தேடுவதை நம் மார்க்கம் வலியுறுத்தியிருக்கிறது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். வெட்கத்தைச் சொல்லி அமானிதத்தை இழந்துவிடக் கூடாது.

ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. அந்தச் சோதனை இல்லாமல் என்ன கட்டி என்றே தெரியாது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. பயந்து போனவர்களில் அதிகம் பேர் சிரித்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான். புற்றுநோய்தான் என்றாலும் எல்லோருக்கும் மார்பகத்தை முழுவதும் எடுப்பதில்லை. சீக்கிரம் வந்தால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கிற வழியும் உண்டு.

செலவைப் பற்றி: தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. புற்றுநோய்க்கென்று மதுரை பாலரெங்காபுரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல், இப்போதே அந்த அட்டை வாங்கி வையுங்கள். விவரம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒன்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். சிகிச்சையை அரசு பார்த்துக்கொள்கிறது. ஆனால் கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம் முதல் ஐந்தாறு வாரம் வரை. இங்கிருந்து மதுரை சுமார் நூறு கிலோமீட்டர். தினமும் பஸ் கட்டணம், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, சாப்பாடு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது எப்படி முடியும்? பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாதியில் நின்ற சிகிச்சை, தாமதத்துக்குத் தம்பி. நோய்க்குறியோடு வந்தவருக்கு 60 நாளுக்குள் நோயை உறுதி செய்ய வேண்டும், 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே இலக்கு வைத்திருக்கிறது.

ஆகவே பைத்துல்மாலிலிருந்து, எந்தச் சமூகத்துப் பெண்ணாக இருந்தாலும், சிகிச்சைக்காக மதுரை போய்வருகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் வழிச்செலவு கொடுங்கள். முடிந்தால் மதுரையில் தங்க ஓர் அறைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய தொகை ஒன்றும் ஆகிவிடாது. அந்தப் பணத்தில் ஒரு வீட்டில் தாய் தங்குவார்.

சகோதரிகளே, காற்று சுத்தமாக வருடங்கள் ஆகும். அதற்காகக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கட்டியைக் காட்ட ஒரு காலைப்பொழுது போதும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயிடமும் மாமியாரிடமும் தனியாக உட்கார்ந்து, "உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீங்கள் கேட்டுவிடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.